அப்பா சொன்ன திகதி

கல்யாணம் முடித்தவனுக்கு 7 வருஷம், முடிக்காதவனுக்கு 10 வருஷம். இந்தக் கணக்கைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள், "என்ன குத்தம் செஞ்சாங்க தாத்தா?" என்று கேட்கிறார்கள். ஜெயில் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தை. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் என்று அதற்குப் பெயர். 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னால், கல்யாணமானவர் 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததாகக் காட்ட வேண்டும். காட்டினால்தான் மற்றப் பேச்சு. ஆக, ஒரு பெண்டாட்டி 3 வருஷத்துக்குச் சமம். இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி முறைப்பாள். நான் என்ன செய்ய, சட்டம் அப்படித்தான் எழுதியிருந்தது.

எங்கள் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து 1937இல், பத்து வயதில், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமன்னாரில் வந்திறங்கியவர். பத்து வருஷக் கணக்கில் அவர் தேறமாட்டார். ஏழு வருஷக் கணக்கில் தேறுவார். அவருக்கு நாடு கிடைக்க எங்கள் அம்மா தேவைப்பட்டார். அம்மாவை அவர் அதற்காகக் கட்டவில்லை. அப்படிக் கட்டியிருந்தால் திகதியையாவது ஒழுங்காக ஞாபகம் வைத்திருப்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூனாகலையில். பண்டாரவளையிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி வரும் பாதை பூனாகலையைத் தாண்டிக் கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிறது. எங்கள் பூனாகலை ஓயாவும் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. லயத்துக் குடங்கள் நிறைந்து வழிகிற தண்ணீரெல்லாம் அதோடு சேர்ந்து போய், கொஸ்லந்தைக்குக் கிட்ட 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாகக் கொட்டுகிறது. அந்த நீர்வீழ்ச்சிக்குச் சிங்கள மக்களிடம் ஒரு கதை உண்டு. மருத்துவர் ஆர். எல். ஸ்பிட்டல் அதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு இளம் தலைவனை மலைக்கு மேலே நாடு கடத்திவிடுகிறார்கள். அவனுக்குப் பேசிவைத்த பெண் அவனைத் தேடி வருகிறாள். மலைக்கு ஏறும் கணவாய்களிலெல்லாம் காவல். அவன் காட்டுக் கொடிகளை முறுக்கிக் கயிறாக்கிச் செங்குத்துப் பாறையில் விட்டு அவளை மேலே இழுக்கிறான். அவள் பாறையில் மோதி மோதிச் செத்துப்போகிறாள். அதைக் காணப் பொறுக்காத தெய்வங்கள் மலையிலிருந்து தண்ணீரைப் பொங்கவைத்து அந்தச் சாவை மூடினவாம்.

முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பெண் பிள்ளைகள்தான் கேட்பார்கள்: "அவன் ஏன் சேர் கீழ எறங்கி வரல்ல?" நல்ல கேள்வி. எனக்கும் அது பொருந்தும். அதற்குப் பிறகு வருகிறேன்.

1939இல் இலங்கை அரசாங்கம் தன்னிடம் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. பதிலுக்கு இந்திய அரசாங்கம் அதே வருஷம் ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து, கூலி வேலைக்கு யாரும் இலங்கை போகக் கூடாதென்று தடை போட்டது. அடுத்த மாதம் யுத்தம் தொடங்கிவிட்டது. இதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, இதனால் எங்கள் லயங்களில் கல்யாணப் பேச்சு எப்படி மாறியது என்பது. அதுவரைக்கும் குமரிப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஊருக்குக் கடிதம் போகும். திருச்சியிலிருந்தோ சேலத்திலிருந்தோ சொந்தத்தில் ஒரு பையன் கப்பலேறி வருவான், அல்லது பிள்ளையை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தடை வந்ததும் அந்த வழி அடைபட்டுப்போனது. 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அரிசியும் நின்றது. ஊரிலிருந்து மாப்பிள்ளையும் வரவில்லை, ரங்கூனிலிருந்து அரிசியும் வரவில்லை என்று அம்மாயி சொல்லுவார். கூப்பனுக்குக் கோதுமை மாவும், அதுவும் இல்லாத நாளில் மரவள்ளிக் கிழங்கும் தின்றுகொண்டு, பக்கத்து லயத்துப் பையனை ஏறெடுத்துப் பார்க்கவேண்டிய நிலைமை வந்தது பெண்களுக்கு. யுத்தம் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. நான் பிறந்ததற்கே அதுதானே காரணம்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அதற்கு அடுத்த மாசியில், நாலைந்து வருஷமாக ஒப்புக்கு நடந்துகொண்டிருந்த காமன்கூத்தை எங்கள் தோட்டத்தில் பெரிசாக நடத்தத் தீர்மானித்தார்கள். மலையகத்தில் பிறக்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிச் சிவன் மன்மதனை எரிப்பார். நடுவில் ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம், ஊர்வலம், தப்பு, லாவணி. மன்மதன் உண்மையாகவே எரிந்தானா, இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி பிரிந்து விடியவிடியப் பாடுவார்கள். ரதியும் ஆண்தான். வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள்.

1946இல் ரதி எங்கள் அப்பா. வயது பத்தொன்பது. மெலிந்த உடம்பு, மீசை சரியாக அரும்பாத முகம். அதெல்லாவற்றையும்விட, ஒப்பாரி தெரிந்தவர். தாயில்லாப் பிள்ளை. வளர்த்த அத்தை இழவு வீட்டுக்கெல்லாம் முன்னால் நின்று பாடுகிறவர். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்ததால், மன்மதன் எரிந்ததும் அப்பா எடுத்த அழுகையில் பொட்டலே விம்மியதாம். "ஒங்கம்மா காதலிச்சது மன்மதன இல்ல, ரதிய" என்று அப்பாவின் கூட்டாளிகள் கடைசிவரைக்கும் கேலி செய்வார்கள். மன்மதன் வேஷம் கட்டியவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அவருக்கு அது வாழ்நாள் முழுக்க ஒரு மனத்தாங்கல்.

ரதிக்கு வளவி வேண்டும். யுத்த காலத்தில் வளவிக்காரர் வருகிறதும் நின்றுபோயிருந்தது. கண்ணாடி வளவி எந்த லயத்தில் யாரிடம் முழுசாக இருக்கிறது என்று விசாரித்ததில், மேல் கணக்கு லயத்துத் தொங்கல் காம்பராவில் ஒரு பிள்ளையிடம் ஒரு டசின் பச்சை வளவி இருப்பதாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் தம்பி மூலமாகக் கேட்டு வாங்கினார்கள். கொடுத்தவர் அம்மா.

கூத்தில் மன்மதன் எரிந்ததும் ரதி வளவியை உடைக்க வேண்டும். அதுதான் முறை. அன்றைக்கு அப்பா தரையில் விழுந்து புரண்டார், தலையை விரித்தார், மண்ணை வாரி இறைத்தார். கையை மட்டும் தரையில் அறையவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மூடுகிற சாக்கில் ஒவ்வொரு வளவியாகக் கழற்றி மடிக்குள் போட்டுக்கொண்டார். பெரியவர்கள் கவனித்துவிட்டார்கள். வளவி உடைக்காத ரதியா, தோட்டத்துக்கு ஆகாது என்று பேச்சு வந்தது. அப்பா சொன்னது ஒரே பதில்: "அது கடன் வளவிங்க."

அடுத்த நாள் விடியற்காலை, பெரட்டுத் தப்பு அடிக்கிறதுக்கு முன்னால், பீலியில் அம்மா குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். அப்பா வருகிறார். முகத்தில் அரிதாரம் முழுசாகப் போகவில்லை, காதோரம் பச்சை ஒட்டியிருக்கிறது. துணி முடிச்சை அவிழ்த்து வளவிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கிறார். பன்னிரண்டு. "சரியா இருக்கா பாத்துக்க புள்ள." அம்மா எண்ணிப் பார்த்தாராம். இரண்டு தரம் எண்ணினாராம். அதற்குள் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கிவிட்டார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பிறகு பத்து மாதம் சண்டை. அம்மாவின் மாமன் கங்காணி, இந்தப் பக்கம் அநாதைப் பையன், வேறு வேறு ஆட்கள். யார் யாரை அடித்தார்கள், எந்த ராத்திரி யார் கவ்வாத்துக் கத்தியோடு வந்தார்கள் என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. எல்லாக் குடும்பத்திலும் இருக்கிற கதைதான். 1947 தையில் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். பதிவு செய்யவில்லை. அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்? செக்ரோலில் இரண்டு பெயரும் இருந்தது, லயத்தில் ஒரு காம்பரா கிடைத்தது, ஊருக்குத் தெரிந்தது. போதும் என்று இருந்தார்கள்.

1948 ஆகஸ்டில் நான் பிறந்தேன். அந்த வருஷம் நவம்பர் 15ஆம் திகதி முதலாவது பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. மூன்று மாதப் பிள்ளை நான். எனக்குப் பெயர் வைத்து முடிவதற்குள் நாடு போய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன 7க்கும் 10க்கும் ஆன சட்டம். மனுப் போட 1951 ஆகஸ்ட் 5 வரைக்கும் தவணை. முதலில் போடக் கூடாது என்று சொன்ன இலங்கை இந்தியன் காங்கிரஸ் அப்புறம் போடச் சொன்னது. கடைசி மாதங்களில் தோட்டம் தோட்டமாக உட்கார்ந்து மனு எழுதினார்கள். ஏறக்குறைய 2 லட்சத்து 37 ஆயிரம் மனுக்கள், அவற்றுக்குள் 8 லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். முடிவில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

எங்கள் மனு விசாரணைக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது இருக்கும். கந்தோரில் அப்பாவை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா வெளியே வாங்கில் என்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஐயா இங்கிலீசில் கேட்க, மொழிபெயர்ப்பவர் தமிழில் கேட்டார். எப்போது வந்தாய், யாரோடு வந்தாய், எந்தத் தோட்டம். அப்பா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தார். கல்யாணம் எப்போது?

"1946 மாசிங்க. காமன் எரிச்சதுக்கு மறுநா வெள்ளன."

எழுதிக்கொண்டார்கள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள். கல்யாணம் எப்போது?

"47 தைங்க. மாரியம்மன் கோயில்ல."

இரண்டில் எது உண்மை? அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். காது சிவந்துபோயிருந்தது என்று அம்மா சொல்லுவார். அந்த இடத்தில் அப்பா, "தப்பாச் சொல்லிட்டேங்க, தைதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ரெண்டும் சரிதாங்க" என்றார்.

மொழிபெயர்ப்பவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. சில மாதம் கழித்து மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. கணவன் மனைவி சொன்னதில் முரண்பாடு. கல்யாணமே நம்பத்தக்கதாக இல்லை. வேடிக்கை என்னவென்றால், எந்தத் திகதியைப் போட்டிருந்தாலும் ஏழு வருஷக் கணக்கில் ஒன்றும் மாறியிருக்காது. மனுப் போட்ட நாளில் அவர்கள் புருஷன் பெண்சாதி, அவ்வளவுதான் விஷயம். ஆனால் எண்ணத்தில் முன்பே தீர்மானித்துவிட்டுக் காரணம் தேடுகிறவர்களுக்கு ஒரு திகதி போதும். அதற்குச் சில வருஷத்துக்கு முன்னால், 1945 டிசம்பரில், அமெரிக்கா தன் படைவீரர்கள் யுத்த களத்தில் கட்டிக்கொண்ட வெளிநாட்டு மனைவிமாரை அழைத்துவருவதற்கென்றே தனியாகச் சட்டம் போட்டது. இங்கே லயத்தில் ஒரே காம்பராவில் குடித்தனம் நடத்தியவர்களைப் பார்த்து, நீங்கள் புருஷன் பெண்சாதி என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். நான் பிள்ளை, மடியில் இருந்தேன். என்னைச் சாட்சியாக யாரும் எழுதவில்லை.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒருவர் ஞாபகம் வருவார். எங்களுக்குப் பக்கத்தில் தியத்தலாவையில், 1900இல் தென்னாபிரிக்கப் போயர் யுத்தத்தில் பிடிபட்ட ஏறக்குறைய 5,000 பேரை முகாமில் அடைத்துவைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்ததும், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எங்கெல்பிரெக்ட் என்பவர் மாட்டேன் என்றார். அதனால் ஊருக்குப் போக முடியாமல் இங்கேயே தங்கி, யால காட்டின் முதல் காவலராகிச் செத்துப்போனார். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்று நாடிழந்தவர் அவர். சொன்ன ஒரு வார்த்தையை மாற்றமாட்டேன் என்று நாடிழந்தவர் எங்கள் அப்பா. வீறாப்பு ஒன்றுதான். ஆனால் அப்பாவைப் பற்றி ஒருவரும் புத்தகம் எழுதமாட்டார்கள்.

அம்மா இதற்காக அப்பாவோடு எத்தனை தரம் சண்டை போட்டிருப்பார் என்று கணக்கில்லை. கூப்பன் கிடைக்காத அன்று, எனக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காத அன்று, ஓட்டுப் போட மற்றவர்கள் போகிற அன்று. "தாலி கட்டின நாளே தெரியாத மனுசன்" என்று தொடங்கினால் ராத்திரி சோறு வரைக்கும் போகும். அப்பா சிரித்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் மட்டும், எனக்குப் பதினாறு வயதிருக்கும், நான் அம்மாவின் கட்சியில் சேர்ந்துகொண்டு கேட்டேன்: "ஏன் அப்பா அப்பிடிச் சொன்னீங்க?" கையிலிருந்த தேங்காய்ச் சிரட்டைத் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "ஐயரு மந்திரம் சொன்னது தையிலதான். ஆனா, அந்தப் பீலியடியில ரெண்டாந்தரம் எண்ணுச்சு பாரு, அப்பவே எனக்கு முடிஞ்சிருச்சு. கேட்டாங்க, சொன்னேன்" என்றார்.

அந்த வருஷம்தான், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம், மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கேள்வி யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை, டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. எங்கள் ஆட்கள் வந்த துறையே கடலில் போய்விட்டது. திரும்பிப் போனவர்கள் இராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள்.

1968க்கும் 70க்கும் நடுவில் எந்த நாடு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் இலங்கைக்கு எழுதினோம். கீழ் கணக்கில் ஒரு வீட்டில் இந்தியாவுக்கு எழுதினார்கள். அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள்.

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கொழுந்தெடுக்கப் போகிற வழியில் என் ஜன்னல். நிறைய எழுத ஆசைதான், ஆனால் இந்தக் கட்டுரையை எழுத்துப் பிழை பார்ப்பது என் மனைவி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அது அவளுக்கும் தெரிந்ததுதான். 1973. மாவுக்கும் பாணுக்கும் ஜனங்கள் விடியவிடிய வரிசையில் நின்ற வருஷம், தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம். அந்த வீட்டுக்குக் கண்டியிலிருந்து பாஸ்போர்ட் வந்துவிட்டது. போவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது அவள் ஜன்னலடியில் நின்று கேட்டாள்.

"ஒங்க அப்பாக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன்."

"எப்ப?"

"அப்புறம் சொல்றேன்."

அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு மலைக்குப் போனாள். கல்யாணம் என்று ஒரு திகதி இருந்திருந்தால் ஏதாவது வழி பிறந்திருக்குமா? அவள் பெயரை வெட்டியிருப்பார்களா, என் பெயரைச் சேர்த்திருப்பார்களா? பிறந்திருக்கலாம், பிறக்காமலும் இருந்திருக்கலாம். ஒருவரிடமும் நான் கேட்டுப் பார்க்கவில்லை. அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பதைக்கூட நான் கேட்கவில்லை. காதலுக்காகச் சர்க்கார் கந்தோரிலேயே திகதியை மாற்றிச் சொன்ன மனுஷன் அவர்!

பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போனேன். ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் அந்த ரயிலுக்குச் சும்மா பெயர் வைக்கவில்லை. தகரப் பெட்டி, பாய் மூட்டை, அம்மி. ஒரு கிழவி வாசலில் நட்டிருந்த ரோசாச் செடியை மண்ணோடு பிடுங்கி டின்னில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு உள்ளே பாதிக் குடும்பம், வெளியே பாதிக் குடும்பம். கோச்சி நகர்ந்ததும் எழும்பிய அழுகை, அப்பா ரதியாக அழுததைப்போல ஆயிரம் மடங்கு இருந்திருக்கும். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் கையை ஆட்டினேன். தலைமன்னார், இராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், அதற்குப் பிறகு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனதாக அவளுடைய தம்பி ஒருமுறை எழுதியிருந்தான். அவள் எழுதவில்லை. எழுத நான் என்ன சொல்லியிருந்தேன்?

எனக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வரும்போது முப்பது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு நல்ல இடத்தில் கல்யாணம், மூன்று பிள்ளைகள், பென்சன். குறையொன்றுமில்லை. எங்களில் எஞ்சியிருந்த ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2003இல்தான் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நாடு கிடைத்தது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருஷம்.

இப்போது பூனாகலைப் பையன்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், பிள்ளைகள் காமென்ட்ஸுக்குப் போகிறார்கள். காதல் போனில் நடக்கிறது. விஷயம் முற்றியதும் பெற்றவர்களிடம் பேசச் சொல்லி என்னிடம் வருவார்கள், ஓய்வுபெற்ற வாத்தியார் பேச்சுக்கு மதிப்பிருக்கும் என்ற நம்பிக்கையில். சாதி என்ன, வேலை என்ன என்று நான் கேட்பதில்லை. "எப்போ?" என்று கேட்பேன். பையன்கள் நெளிவார்கள். கொஞ்ச நாள் போகட்டும் சேர், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் சேர், லயத்துக்கு மேல ஒரு ரூம் எறக்கிட்டு சேர். நாட்காட்டியை எடுத்து மேசையில் போடுவேன். விரலை வைக்கச் சொல்வேன். வைக்கிறவனுக்கு அவன் மாமன் கத்தியோடு வந்தாலும் போய்ப் பேசுவேன். வைக்காதவனைத் தேத்தண்ணி குடிக்கவைத்து அனுப்பிவிடுவேன். வைத்தவர்களைப் பதிவுகாரரிடம் இழுத்துக்கொண்டு போய்ப் பதியவும் வைத்துவிடுவேன். கோயிலில் கட்டினால் போதும் என்பார்கள். போதாது. வீட்டுக்கு உறுதி, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். பணம் எல்லாவற்றுக்கும் அந்தக் கடதாசியைத்தான் கேட்பார்கள்.

அந்த ஈ.பி.எப். விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். அப்பா 1984இல் இறந்துபோனார். கருமாதியன்று பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்து வளவி உடைக்க வந்தார்கள். அம்மா கையை இழுத்துக்கொண்டார். தானே ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் முடிந்து பெட்டியில் வைத்தார். அந்தப் பழைய பச்சையில் ஐந்து மிஞ்சியிருந்தன.

அப்பாவின் சேமலாப நிதியை எடுக்கக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லாததால் சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பண்டாரவளையில் ஒரு சமாதான நீதவானிடம் போனேன். மரியாதையான மனுஷர், அவரே தட்டெழுத்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். பெயர், தோட்டம், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு அடித்துக்கொண்டு வந்தவர், தலையை நிமிர்த்தாமல், "கல்யாணம் நடந்த திகதிம்மா?" என்றார்.

நான் முந்திக்கொண்டு, "1947 தை" என்றேன்.

அம்மா என் கையில் தட்டினார். "இல்லீங்க ஐயா. 46 மாசி. காமன் எரிச்சதுக்கு மறுநா."

"அம்மா, தைதானே..."

"நீ சும்மா இரு" என்றார் அம்மா. "அப்ப நீ பொறக்கவே இல்ல."